இரவல் நாண்

டப் என்று ஒரு சத்தம்.
யாரோ காகிதக் குவளையை மிதித்துவிட்டதாகத்தான்
முதலில் நினைத்தேன்.
வெலென்யே உள்ளரங்கம், இரண்டாம் பாதி,
மூன்று கோல் பின்தங்கியிருந்தோம்.
என்னை யாரும் தொடவில்லை.
உடம்பு வலப்புறம் திரும்பியது,
பாதம் நின்ற இடத்திலேயே நின்றது.
இருவர் பேச்சையும் கேட்கப் போய்
நடுவில் முழங்கால்
அறுந்தது.

டாக்டர் வோடோபிவெட்ஸ் மேசையில்
பிளாஸ்டிக் முழங்கால் ஒன்று.
உள்ளே இருந்த நார் எப்போதோ தொலைந்து
கீரைக்கட்டின் ஊதா ரப்பர் மாட்டியிருந்தது.
அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து,
"இதுதான் நேஷா, போனது" என்றார்.

தைத்துவிட முடியாதா?
"எலும்போரம் பிய்ந்திருந்தால் முயன்றிருப்பேன்.
உங்களுடையது நடுவில் போய்விட்டது,
இரண்டு பழைய மாப்பு நுனிகள்.
இரவல்தான் வாங்க வேண்டும்."

யாரிடம்?
"முதலில் உங்களிடமே."

சில்லுக்குக் கீழிருந்து ஒரு கீற்று,
இருமுனையிலும் எலும்புத் துண்டோடு.
எலும்பு எலும்போடு சீக்கிரம் சேரும்.
இருபது வயதுக்காரிகளுக்கு இதையே போடுகிறாராம்.
"மண்டியிட்டால் மட்டும் வலிக்கும்.
சிலருக்கு, எப்போதும்."

சிரித்துவிட்டேன்.
என் ஆட்டத்தைக் கேட்டவர்
தொழிலைக் கேட்கவேயில்லை.
குளியலறைகளுக்கு ஓடு பதிப்பவள், ஐயா.
நாள் முழுக்க மண்டியிட்டால்தான் ரொட்டி.
தாளில் முதல் வரியை அடித்தார்.

அடுத்தது தொடையின் பின்புறம்.
இரண்டு நாண்களை உருவி
நாலாய் மடிப்பது.
உருவிய இடத்தில் சில சமயம்
பல்லி வாலாய்த் திரும்ப முளைக்குமாம்.
சில சமயம் என்பதை
நிறையச் சொல்கிறார் இவர்.
உட்கார்ந்தெழும்ப எனக்கு வேண்டியதும்
அந்தத் தசைதானே?

அல்லது சில்லுக்கு மேலே, முன்தொடையில்.
தடித்த நாண்.
தழும்பு தரையைத் தொடாது.
படியிறங்க மட்டும் சில மாதம்
கைப்பிடியோடு சண்டை.

அல்லது செத்துப்போன ஒருவருடையது.
உறைபெட்டியிலிருந்து வரும்.
பெயர் சொல்லமாட்டார்கள்.
காயம் ஒன்று குறையும், ஆனால்
ஓடித் திரும்பும் கால்களில்
மறுபடி அறுவது அதிகம்.
வீட்டில் சொன்னதும் கோராஸ்ட்
போர்வையை இழுத்துக்கொண்டு கேட்டான்:
"அப்படியென்றால் கட்டிலில் இனி மூன்று பேரா?"
பிறகு அவனே வெகுநேரம் தூங்கவில்லை.
நானும்தான்.
ஏதோ ஒரு ஊரில் அந்தக் கால்
கடைசியாக எதன் மேல் ஏறியிருக்கும்?

அல்லது, ஒன்றும் வெட்டாமல்
தசையை மட்டும் முறுக்கேற்றுவது.
நேராக நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம்.
திரும்பாமல் இருந்தால் போதும்.
அன்று மாலை அடுக்களையில்
உப்பை எடுக்க எத்தனை முறை
திரும்புகிறேன் என்று எண்ணினேன்.
பதினொன்றில் விட்டுவிட்டேன்.

ஷோஷ்டானில் பாதியில் நின்ற வேலை.
மின்கா ஓடு பதிக்க,
கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து
கால் நீட்டிக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.
நடுத்தரையில் ஓர் ஓடு விரிசல்.
அந்த ரகம் இப்போது கடையில் வருவதில்லை.
இதற்கெல்லாம் எங்களுக்கு ஒரு வழி உண்டு:
தொட்டிக்கு அடியில், யார் கண்ணும் படாத இடத்தில்,
ஒன்றைப் பெயர்த்து வந்து போட்டுவிடுவோம்.
மின்கா குப்புறப் படுத்து
உளியோடு உள்ளே போனாள்.

நான் தொடையைத் தடவிப் பார்த்தேன்.
முன்னே, பின்னே, சில்லைச் சுற்றி.
இதில் எது
தொட்டிக்கு அடி?

வியாழன் காலை, செல்யே.
இடது காலில் நர்ஸ்
பேனாவால் அம்பு போட்டாள்.
மேலேயிருந்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன், என்றேன்.
"தாளில் இருக்கிறது" என்றாள்.
தள்ளிக்கொண்டு போன நடையில்
சுவரோடு சேரும் கடைசி வரிசை
இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்தது.
யார் பதித்தது என்று கேட்க வாய் திறந்தேன்.
பத்திலிருந்து பின்னால் எண்ணச் சொன்னார்கள்.